கைப்பிடி எங்கே கனக்கிறது?

துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்தின் பட்டறையில் என் வேலை பெரும்பாலும் பித்தளையோடுதான். சுட்டு முடித்த ரைஃபிள் கேஸ்களை, அதாவது தோட்டாவின் பித்தளைக் கூடுகளை, சுத்தம் செய்து, கைப்பிடியால் இயக்கும் பிரஸ்ஸில் மாட்டிய டை என்ற அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மறுபடி நிரப்பத் தயாராக வைக்க வேண்டும். புதிதாக வருகிற பையன்களிடமிருந்து அடிக்கடி வருகிற புகார் ஒன்றுதான்: "அண்ணே, கேஸ் ரொம்ப டைட்டா போகுது."

எங்கே டைட் என்று திருப்பிக் கேட்பேன். உள்ளே ஏறும்போதா, வெளியே வரும்போதா? ஏறும்போது என்றால் வழி முழுக்கவா, கடைசியில் மட்டுமா? இதற்குப் பதில் இல்லாமல் எண்ணெயை மாற்றுவதும் டையைக் குறை சொல்வதும் வீண் வேலை.

சுடும் நொடியில் கேஸின் சுவர் விரிந்து, தோட்டா உட்காரும் துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வாயு பின்பக்கம் வராமல் அடைப்பது அதுதான். அழுத்தம் போனதும் கொஞ்சம் சுருங்கும், ஆனால் பழைய அளவுக்கு வராது. 70 சதம் செம்பும் 30 சதம் துத்தநாகமும் கலந்த இந்தப் பித்தளை, விரிந்து சுருங்க விரிந்து சுருங்க இறுகிக்கொண்டே போகும். .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டா வகைக் கேஸின் அடிப்பக்கம் வரைபட அளவில் 0.4709 அங்குலம். அறை இதைவிடச் சற்றுப் பெரிது. எவ்வளவு என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். இயந்திரத் துப்பாக்கியில் சுட்டதும் போட்டி ரைஃபிளில் சுட்டதும் ஒரே டப்பாவில் கலந்து வந்தால், ஒன்று வழுக்கிக்கொண்டு போகும், அடுத்தது தோளை வாங்கிவிடும்.

ஏறும் வழி முழுக்கக் கனத்தால் முதல் சந்தேகம் எண்ணெய்ப் பூச்சின் மேல். நாங்கள் பயன்படுத்துவது ஆல்கஹாலில் கரைத்த லனோலின். தெளித்த கையோடு அழுத்தக் கூடாது. ஆல்கஹால் பறந்து, லனோலின் மட்டும் மிஞ்ச வேண்டும். விரலில் தொட்டால் லேசாகப் பிசுக்கென்று இருக்கும், அதுதான் பதம். அவசரக்காரர்களுக்கு இந்தச் சில நிமிடக் காத்திருப்புதான் பெரிய கஷ்டம். அதற்காக அள்ளிப் பூசினாலும் சரிவராது. மிச்ச எண்ணெய் போக வழியில்லாமல் கேஸின் தோள்பட்டையில், அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் இடத்தில், குழி விழும். டையில் இருக்கும் சின்னக் காற்றுத்துளை அடைத்திருந்தால் இன்னும் மோசம்.

எண்ணெய் சரியாக இருந்தும் கனக்கிறது, வெளியே வரும் கேஸில் நீளவாக்கில் கீறல் விழுகிறது என்றால், டையின் உட்சுவரில் பித்தளைத் துணுக்கு ஒட்டியிருக்கிறது, அல்லது மணல் துகள் புகுந்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். துடைத்துப் பாலிஷ் போட்டால் போய்விடும். கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் செய்த டைக்கு எண்ணெயே வேண்டாம் என்று சிலர் வாதாடுவார்கள். நேரான பிஸ்டல் கேஸுக்கு அது சரி. கழுத்துள்ள ரைஃபிள் கேஸுக்குக் கார்பைடிலும் எண்ணெய் வேண்டும்.

கேஸ் டையிலிருந்து வெளியே வரும்போது பிடித்தால் கதை வேறு. அங்கே வேலை செய்வது கழுத்தை உள்ளிருந்து அளவுக்கு விரிக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டை. கீச்சென்று சத்தமும் வரும். கேஸ்களை ஸ்டீல் ஊசி போட்டு ஈரத்தில் உருட்டிப் பளபளப்பாக்கும் வழக்கம் வந்த பிறகு இந்தத் தொல்லை கூடிவிட்டது என்பது என் கணிப்பு. பழைய கேஸின் கழுத்துக்குள் இருந்த கரிப்படலமே ஒரு மசகாக இருந்தது. அதையும் தேய்த்து எடுத்துவிட்டோம். கழுத்துக்குள் கொஞ்சம் கிராஃபைட் தடவினால் சத்தம் நிற்கும். சத்தத்தோடு விட்டால் கழுத்து நீண்டு, தோள்பட்டையும் முன்னால் இழுபடும்.

கடைசியில் மட்டும் கனப்பதுதான் குழப்புகிற ரகம். சுவர் தடித்த அடிப்பகுதி அங்கேதான் டைக்குள் நுழைகிறது, மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியான பழைய பிரைமரை டையின் நடுவிலுள்ள ஊசி தள்ளுவதும் ஏறக்குறைய அதே இடத்தில். எது காரணம்? ஊசித் தண்டைக் கழற்றிவிட்டு அழுத்திப் பார்க்க வேண்டும். அப்போது லேசாகப் போனால் பிரைமர்தான். ராணுவக் கேஸ்களில் பிரைமரைச் சுற்றி நசுக்கி இறுக்கியிருப்பார்கள்.

ஒருமுறை ஒரு பையன் அழுத்திக்கொண்டிருந்தபோது கைப்பிடி கடைசியில் டக்கென்று நின்றுவிட்டது. கனக்கவெல்லாம் இல்லை, சுவரில் முட்டிய மாதிரி நின்றது. "இன்னும் கொஞ்சம் அழுத்தட்டுமாண்ணே?" என்றான். கேஸை வாங்கி வாய்க்குள் வெளிச்சம் காட்டச் சொன்னேன். அடியில் நடுவே ஒற்றைத் துளைக்குப் பதிலாக, ஓரமாக இரண்டு சின்னத் துளைகள். பெர்டான் வகைக் கேஸ். ஊசி போய் இடிக்கும் இடத்தில் துளையே கிடையாது, கட்டிப் பித்தளைதான். இன்னும் அழுத்தியிருந்தால் ஊசி வளைந்திருக்கும். பெர்டான் அமெரிக்கர், ஒற்றைத் துளை முறையைக் கொண்டுவந்த பாக்ஸர் இங்கிலாந்துக்காரர். ஆனால் அமெரிக்காவில் பரவியது பாக்ஸர் முறை. பெர்டான் முறை ஐரோப்பாவில் ஊன்றியது. பட்டறையில் கலவையாக மூட்டை வந்து இறங்கும்போதெல்லாம் இதை நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

ஊசி இல்லாமலும் கடைசியில் கனத்தால் விரிந்த அடிப்பகுதிதான் காரணம். கொஞ்சம் அழுத்தி, பின்வாங்கி, கேஸைச் சற்றுத் திருப்பி, மறுபடி அழுத்தினால் பெரும்பாலும் அடங்கும். கைப்பிடியில் இரும்புக் குழாய் செருகி நீளமாக்கி அழுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரஸ் தாங்கும், கேஸ் தாங்காது. விளிம்பு கிழிந்து, அதைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரோடு வந்துவிடும், உடம்பு டைக்குள்ளேயே நிற்கும். அப்புறம் கேஸின் அடியைத் துளைத்து, கால் அங்குல மரை வெட்டி, போல்ட் மாட்டித் திருகித் திருகி வெளியே எடுக்க வேண்டும்.

கழுத்தும் தோள்பட்டையும் இறுகிப்போனால் சூடேற்றி மென்மையாக்கலாம். அடிப்பகுதிக்கு மட்டும் அந்தச் சூடு போகவே கூடாது. அங்கே மென்மையானால் சுடும்போது அழுத்தத்தைத் தாங்காது. அதனால் அடி விரிந்த கேஸுக்கு நெருப்பில் வைத்தியம் கிடையாது.

டைட்டாகப் போன கேஸ்களைத் தனித் தட்டில் போடச் சொல்வேன். எண்ணெயைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றையும் அளவு பார்க்கும் கேஜில் இறக்கிப் பார்ப்போம். போல்ட்டைக் கையால் இழுத்துச் சுடும் ரைஃபிளுக்கு, சுட்ட அளவிலிருந்து தோள்பட்டை ஒன்றிரண்டு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பின்வாங்கியிருந்தால் போதும். அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால், வளைத்த கம்பியின் நுனியை உள்ளே விட்டுத் தடவுவோம். பள்ளம் தட்டினால் சுவர் மெலிந்துவிட்டது. அந்தக் கேஸின் வாயைக் குறடால் நசுக்கி, பழைய பித்தளை வாளியில் போட்டுவிடுவோம்.