அந்த ஆயில் சீல் மாற்ற எந்தப் படகில் போவீர்கள்?

"அண்ணா, அலையிலிருந்து மின்சாரம் எடுக்க ஸ்காட்லாந்து அரசு முழுப் பணமும் கொடுத்ததாமே, எப்படி வாங்கினீங்க?" என்று ஊரிலிருந்து படிக்கிற பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட நடந்ததை ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் குளச்சல் பக்கம். சின்ன வயதில் அப்பா என்னை விழிஞ்ஞம் கூட்டிப் போயிருந்தார். அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி, கடலுக்குள் ஒரு பெரிய கான்கிரீட் பெட்டி நின்றது. சென்னை ஐஐடி முன்னின்று 1991-ல் இயங்க வைத்த 150 கிலோவாட் அலை மின் நிலையம் அது. அலை உள்ளே ஏறும்போது பெட்டிக்குள் இருக்கும் காற்றை மேலே தள்ளும், இறங்கும்போது உள்ளே இழுக்கும். காற்று எந்தப் பக்கம் போனாலும் அங்கிருந்த டர்பைன் ஒரே திசையில்தான் சுற்றும். அது எப்படி என்ற கேள்விதான் என்னைப் பொறியியலுக்கும், அங்கிருந்து எடின்பரோவுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நான் ஒரு சின்னக் குழுவில் வேலைக்குச் சேர்ந்த காலம் அலை மின் துறைக்கு மிக மோசமான காலம். கடலில் மிதக்கும் இயந்திரத்திலிருந்து பிரிட்டன் மின்தொகுப்புக்கு 2004-லேயே மின்சாரம் கொடுத்த பெலாமிஸ் நிறுவனம், 2014 நவம்பரில் பணமில்லாமல் திவால் நிர்வாகத்துக்குப் போனது. அதுவரை அரசு உதவி என்றால் பெரும்பாலும் பங்கு மானியம்தான். பாதிப் பணம் நாங்கள் தருகிறோம், மீதியைத் தனியார் முதலீட்டாளரிடம் வாங்கி வா என்பார்கள். முதலீட்டாளரோ பணம் போட்ட மறுநாளிலிருந்து முழு அளவு இயந்திரத்தைக் கடலில் பார்க்க ஆசைப்படுவார். சிறியதாகச் செய்து, உடைத்துப் பார்த்து, கற்றுக்கொள்ள அவகாசமே கிடைக்காது. இத்தனை நல்ல மூளைகள் உழைத்தும் இந்தத் துறை சறுக்கியதற்கு இந்த அவசரம் ஒரு முக்கியக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஸ்காட்லாந்து அரசு அந்த வருடக் கடைசியிலேயே 'வேவ் எனர்ஜி ஸ்காட்லாந்து' என்ற அமைப்பைத் தொடங்கியது. பெலாமிஸின் அறிவுச் சொத்து வீணாகாமல் அதை வாங்கி வைத்தார்கள். மானியம் கொடுக்கும் முறையையும் விட்டுவிட்டார்கள். ஆராய்ச்சியை ஒரு சேவையாகக் கருதி, டெண்டர் விட்டு அரசே வாங்குவது என்று முடிவெடுத்தார்கள். அதனால் செலவில் 100 சதவீதமும் கிடைக்கும், பங்குப் பணம் தேட வேண்டாம். முழு இயந்திரத்துக்கு ஒரு போட்டி, அலையின் அசைவை மின்சாரமாக மாற்றும் உறுப்புக்குத் தனிப் போட்டி, கட்டுமானப் பொருளுக்கு இன்னொன்று என்று பிரித்தார்கள். ஒவ்வொன்றிலும் மூன்று கட்டம்: முதலில் காகிதத்தில் சாத்தியக்கூறு, அப்புறம் ஆய்வகச் சோதனை, கடைசியில் பெரிய அளவில் செய்து காட்டுவது. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் பலர் வெளியே போக வேண்டியிருக்கும்.

நாங்கள் 2015-ல் அசைவை மின்சாரமாக மாற்றும் உறுப்புக்கான போட்டியில் இறங்கினோம். அறிவிப்பு வந்தது அரசின் வழக்கமான கொள்முதல் இணையவாசலில்தான், சாலை போடும் டெண்டரும் பள்ளி மேசை வாங்கும் டெண்டரும் வருகிற அதே இடம். சந்தேகம் கேட்கலாம், ஆனால் நம் கேள்வியும் அதற்கான பதிலும் போட்டியாளர் அத்தனை பேருக்கும் போகும். அதனால் கேள்வியிலேயே நம் ரகசியம் கசிந்துவிடாதபடி எழுதப் பழக வேண்டியிருந்தது.

முதல் வரைவில் பத்துப் பக்கத்துக்கு எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் எங்கள் ஹைட்ராலிக் அமைப்பின் அழகைத்தான் எழுதியிருந்தோம். மதிப்பெண் அட்டவணையைப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தோம். அவர்கள் பார்த்தது நான்கு விஷயங்களை: செலவு கட்டுப்படியாகுமா, எவ்வளவு ஆற்றல் எடுக்கும், வருடத்தில் எத்தனை நாள் ஓடும், புயலில் பிழைக்குமா. அழகுக்கு அதில் இடமில்லை. எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்த நான்கையும் தலைப்பாக வைத்து மறுபடி எழுதினோம். தெரியாததைத் தெரியாது என்றே எழுதி, அதை எந்தச் சோதனையால் தெரிந்துகொள்வோம் என்றும் சேர்த்தோம். எங்களுக்கு மதிப்பெண் வாங்கித் தந்தது அந்தப் பகுதிதான். முதல் கட்டம் கிடைத்தது.

இரண்டாம் கட்டத்துக்கான நேர்காணலை நான் மறக்கவே மாட்டேன். பராமரிப்புப் பகுதியில் 'சிலிண்டரின் ஆயில் சீல் மாற்ற ஆறு மணி நேரம்' என்று எழுதியிருந்தேன். எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்தான் அந்தச் சீல். மதிப்பீட்டுக் குழுவில் இருந்த ஒரு பெரியவர், நரைத்த தாடி, கடலில் பல வருடம் வேலை பார்த்தவர் என்று பார்த்தாலே தெரியும், அந்த வரியில் விரலை வைத்துக் கேட்டார்: "இந்தச் சீல் மாற்ற எந்தப் படகில் போவீர்கள்? எந்த மாதத்தில்?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. ஆனி ஆடியில் கடல் பொங்கினால் வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும் ஊரில் பிறந்தவன் நான். அந்தக் காலத்தில் கடலுக்குள் போக முடியாது என்று குளச்சலில் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். அதை நான் என் கணக்கில் சேர்க்கவில்லை. திருத்தி அனுப்ப இரண்டு வாரம் கொடுத்தார்கள். நான் ஸ்காட்லாந்தின் வடக்கே இருக்கும் ஆர்க்னி தீவுகளுக்குப் போய், ஸ்ட்ரோம்னஸ் துறைமுகத்தில் வேலைப் படகு ஓட்டும் ஒருவரோடு உட்கார்ந்தேன். அலை ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் ஆளை இயந்திரத்தில் இறக்க மாட்டேன் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். அந்த வரம்பை வைத்து அலைப் பதிவுகளைப் பார்த்தால், குளிர்காலத்தில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆறு மணி நேர வேலைக்கு ஆறு வாரம் இயந்திரம் நிற்கும். அதை அப்படியே எழுதிக் கொடுத்தோம். இரண்டாம் கட்டமும் கிடைத்தது.

அப்புறம் பட்டறை வாழ்க்கை. கடல் அலை போல முன்னும் பின்னும் தள்ளும் ஒரு சோதனை மேடையில் எங்கள் சிலிண்டரைப் பூட்டி, இரவு பகலாக ஓட்டினோம். அடியில் வெள்ளை வடிகட்டித் தாளை விரித்து வைப்போம். காலையில் வந்ததும் முதல் வேலை தாளில் எத்தனை எண்ணெய்ப் பொட்டு என்று எண்ணுவது. முதல் வாரம் ஒன்றுமில்லை. மூன்றாவது வாரம் ஏழு. அடுத்த திங்கட்கிழமை எண்ண வேண்டிய அவசியமே இல்லை, தாள் முழுக்க மஞ்சளாக நனைந்து மேடையில் ஒட்டிக் கிடந்தது. எங்கள் கணக்குப்படி ஐந்து வருடம் உழைக்க வேண்டிய சீல் அது.

பணம் மைல்கல் அறிக்கைக்கு அறிக்கை வந்தது. சீல் தோற்றதை எழுதிய அறிக்கைக்கும் பணம் வந்தது. அறிக்கையை அனுப்பிவிட்டு ஒரு வாரம் தூங்காமல் கிடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தத் திட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பங்கு மானியமாக இருந்திருந்தால் அந்தத் தாளை நாங்கள் யாருக்கும் காட்டியிருக்க மாட்டோம்.

மூன்றாம் கட்டம் கிடைக்கவில்லை. வருடத்தில் எத்தனை நாள் ஓடும் என்ற கேள்வியில்தான் விழுந்தோம், அது நியாயமான முடிவு. காப்புரிமை எங்களிடமே இருந்தது, சோதனை அறிக்கை பொதுவில் வெளியானது. முழு இயந்திரத்துக்கான போட்டியில் கடைசிவரை போன இரண்டு இயந்திரங்கள், 2021-ல் புளூ எக்ஸும் 2022-ல் வேவ்ஸ்விங்கும், ஆர்க்னிக் கடலில் இறங்கின. அந்தப் படங்களைப் பார்த்தபோது சொந்த வீட்டுக் கல்யாணம் போல இருந்தது.

ஆனால் அதற்கு அப்புறம் பாதை நின்றுவிடுகிறது. மின்சாரத்துக்கு அப்போது 15 வருடம் நிலையான விலை தந்த பிரிட்டன் அரசின் ஒப்பந்த ஏலத்தில், 2022-ல் ஓத மின்சாரத்துக்கென்று, அதாவது கடல் ஏற்ற இறக்கத்தின் நீரோட்டத்திலிருந்து எடுக்கும் மின்சாரத்துக்கென்று, ஆண்டுக்கு 2 கோடி பவுண்ட் தனியாக ஒதுக்கினார்கள். அதனால் சுமார் 41 மெகாவாட் திட்டங்கள் ஒப்பந்தம் பெற்றன. 2023, 2024 சுற்றுகளிலும் ஓதத் திட்டங்கள் வந்தன. இந்த மூன்று சுற்றிலும் அலைத் திட்டம் ஒன்றுகூட இல்லை. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்து வளர்த்த பிள்ளைக்கு வேலை கொடுக்க ஆளில்லாத நிலை இது, எனக்கு இதில் மெய்யான வருத்தம் உண்டு. இந்தியாவிலும் 2019-ல் கடல் ஆற்றலைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக மத்திய அரசு அறிவித்தது. தூத்துக்குடிக்கு அப்பால் சென்னை ஐஐடியின் சிந்துஜா என்ற அலை மின் கருவி 2022-ல் மிதந்தது. அடுத்த அளவுக்குப் போக, தோற்றாலும் பணம் தரும் இது போன்ற கட்டமுறை அங்கே வர வேண்டும்.

எங்கள் அறிக்கையைப் படித்துவிட்டு வேறொரு நாட்டுக் குழுவினர் போன வருடம் அழைத்தார்கள். சீல் பற்றிய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கேட்டார்கள், நானும் வடிகட்டித் தாளின் படங்களை எல்லாம் அனுப்பினேன். அவர்கள் வடிவத்தில் சிலிண்டர் மொத்தமும் ஒரே பெட்டியாகக் கழன்று, அமைதியான ஒரு நாளில் கரைக்கு வந்துவிடும்.