ஏறி இறங்கும் கட்டிலுக்காகப் பணம் திரட்டினோம்

எங்கள் ஊரில் அறக்கட்டளை நடத்தும் சின்ன மருத்துவமனை ஒன்று இருக்கிறது. அங்கே 30 வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசம். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். சந்தேகப்பட வேண்டிய இடம் வெளுத்துத் தெரியும். நல்ல வெளிச்சமும் ஒரு கட்டிலும் இருந்தால் போதும்.

ஆனால் அந்தக் கட்டில் இடுப்பு உயரம். சின்ன வயதிலேயே போலியோ வந்த என் பள்ளித்தோழியால் அதில் ஏற முடியவில்லை. நர்ஸ்கள் தூக்கிவிடுகிறோம் என்றார்கள். அவள் கூச்சப்பட்டுத் திரும்பி வந்துவிட்டாள். இந்த நோயை முன்கூட்டியே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம் என்கிறபோது, ஒரு கட்டிலின் உயரத்தால் அவள் பரிசோதனை செய்துகொள்ளாமலே வந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டில், வாசலில் சாய்தளம், கழிவறையில் பிடிமானக் கம்பிகள்: இந்த மூன்றுக்கும் கொட்டேஷன் வாங்கிப் பள்ளித்தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். 'புற்றுநோய்க்கு உதவுங்கள்' என்று பொதுவாகக் கேட்டிருந்தால் கைகூப்பும் படங்கள்தான் வந்திருக்கும். கட்டிலின் படமும் விலையும் இருந்ததால், "நான் இவ்வளவு தருகிறேன்" என்று ஆளுக்கொரு தொகை சொன்னார்கள்.

பணம் எங்கள் யார் பெயருக்கும் வரக் கூடாது, நேராக அறக்கட்டளைக் கணக்குக்கே போக வேண்டும் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம். நன்கொடை தருபவர்களுக்கு வருமான வரிச்சலுகை வாங்கித் தரும் 80ஜி பதிவு அவர்களிடம் இருந்தது. அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் அந்தச் சலுகை இல்லை. இதைக் கேட்டதும் சிலர் பின்வாங்குவார்கள் என்று நினைத்தேன். ஒருவர்கூடத் தொகையைக் குறைக்கவில்லை.

வெளிநாட்டுத் தோழிகள் விஷயத்தில்தான் நிறைய அலைந்தோம். சிங்கப்பூரில் இருப்பவள் இன்னும் இந்தியக் குடியுரிமையோடு இருக்கிறாள். அதனால் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவள் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கென்றே தனிக் கணக்கும் வேண்டும். எங்கள் ஊர் அறக்கட்டளையிடம் இரண்டும் இல்லை. ஆடிட்டர் சொன்னதை அவளிடம் அப்படியே சொன்னோம். ரொம்ப வருத்தப்பட்டாள். அப்புறம் ஊரில் இருக்கும் அவள் அம்மா விஷயம் கேள்விப்பட்டு, தன் ஓய்வூதியத்திலிருந்து ஒரு தொகை கட்டிவிட்டு வந்தார்.

உங்கள் ஊரில் இப்படித் திரட்டப் போகிறீர்கள் என்றால், வேண்டுகோளை அனுப்பும் முன்பே ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுங்கள். யாரிடம் வாங்கலாம், யாரிடம் வாங்கக் கூடாது என்பது தெரிந்துவிட்டால் கேட்பதற்குத் தைரியம் வரும். ரசீதை அன்றைக்கே அனுப்புங்கள். ரசீது கையில் கிடைத்தவர்கள் தங்கள் அண்ணனையும் நாத்தனாரையும் கூடச் சேர்த்துவிட்டார்கள்.

கட்டில் வந்துவிட்டது. பட்டனை அழுத்தினால் சக்கர நாற்காலியின் மட்டத்துக்கு இறங்குகிறது. தோழி யார் கையையும் பிடிக்காமல் அதில் நகர்ந்து படுத்துப் பரிசோதனை செய்துகொண்டாள். சாய்தளமும் முடிந்துவிட்டது. கழிவறைக் கம்பிகளுக்கு இன்னும் கொஞ்சம் குறைகிறது, அதற்கும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.