3,220 ரூபாயில் அணைந்த மஞ்சள் விளக்கு

இரண்டு வருடம் முன்பு ஒரு ஐப்பசி மழையில், பெருங்களத்தூர் பக்கம் ஜிஎஸ்டி ரோட்டில், முன்னால் போன வேன் சட்டென்று நின்றுவிட்டது. பிரேக்கை அழுத்தி மிதித்தேன். பெடல் கடகடவென்று காலை எதிர்த்து உதைத்தது. வண்டி வழுக்காமல் நேராகப் போய் வேனுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பின் சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், அவள் கண் விழிக்கக்கூட இல்லை. அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது, அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

அதனால்தான் இந்த ஆவணியில் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு மஞ்சளாக எரிந்து, அணையவே மாட்டேன் என்றபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எங்களுடையது 2016 மாடல் ஹேட்ச்பேக். நம் நாட்டில் 2019 ஏப்ரலுக்குப் பிறகுதான் விற்கிற எல்லாக் கார்களிலும் ஏபிஎஸ் இருந்தே ஆக வேண்டும் என்று ஆனது. அதற்கு முன்பு வந்த பல வண்டிகளில் அது வேண்டுமென்றால் மேல் வேரியன்ட் எடுக்க வேண்டும். நாங்களும் கூடுதல் பணம் கொடுத்துத்தான் எடுத்தோம்.

முதலில் பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் காட்டினேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிரேக் நல்லாத்தான் சார் பிடிக்குது. மீட்டரைக் கழட்டி அந்த பல்பை எடுத்துடட்டுமா? தொந்தரவு இருக்காது" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிரேக் பிடிக்கிறது என்பது உண்மைதான். ஏபிஎஸ் வேலை செய்யாவிட்டாலும் சாதாரண பிரேக் அப்படியே இருக்கும். ஆனால் மழையில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கிப் போகும், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது. அந்த விளக்கைப் பிடுங்கிவிட்டால் அடுத்து அந்த வண்டியை ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. யாருமே இதைச் செய்யக்கூடாது. இன்னொன்று: மஞ்சள் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் கதையே வேறு. வண்டியை ஓரம் கட்டி பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள், குறைந்திருந்தால் ஓட்டாதீர்கள்.

அப்புறம் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, முன் இடது சக்கரத்து சென்சார் போய்விட்டது, சென்சாரோடு பேரிங்கையும் மாற்ற வேண்டும், கூலியும் வரியும் சேர்த்து 9,800 ரூபாய் என்றார்கள். பேரிங் எதற்கு என்று கேட்டேன், சேர்த்து மாற்றுவதுதான் வழக்கம் என்றார்கள்.

அதில் ஒரு காரணம் இருக்கிறது என்பதை வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு சக்கரத்தின் அச்சுப் பக்கமும் சுண்டுவிரல் தடிமனில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு வளையத்தை அது பார்த்துக்கொண்டே இருக்கும். பழைய வண்டிகளில் அது பல் வைத்த இரும்பு வளையம். புதிய வண்டிகள் பலவற்றில் பேரிங்கின் சீல் மேலேயே காந்தத்தை வரிவரியாகப் பதித்திருப்பார்கள். வளையம் சுற்றும் வேகத்தை வைத்து நாலு சக்கரத்தையும் ஏபிஎஸ்ஸின் கம்ப்யூட்டர் பெட்டி ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரு சக்கரம் மட்டும் சட்டென்று மெதுவானால் அது பூட்டப் போகிறது என்று அர்த்தம். உடனே அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை மட்டும் ஒரு நொடிக்குள் பல முறை விட்டு விட்டுப் பிடிக்கும். காலில் வந்த அந்தக் கடகடப்பு இதுதான். ஆக, காந்த வளையம் கெட்டிருந்தால் பேரிங்கை மாற்றித்தான் ஆக வேண்டும். கெட்டிருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை, அதுதான் என் குறை.

சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கோளாறுகளைப் படிப்பதற்கென்றே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகுகிற புளூடூத் ஸ்கேனர் ஒன்று 850 ரூபாய்க்கு வாங்கினேன். இதோடு சேர்த்துச் சொல்லும் இலவச ஆப்கள் பெரும்பாலும் இன்ஜின் கோளாறை மட்டும்தான் படிக்கும். ஏபிஎஸ் பெட்டியோடு பேச வேண்டுமென்றால் நம் கம்பெனி வண்டிக்கு என்றே இருக்கும் ஆப் வேண்டும். அதற்கு 430 ரூபாய் ஆனது. சி0035 என்று கோளாறு எண், அதாவது கோடு (code) வந்தது, முன் இடது சக்கரத்து சென்சார் என்று அர்த்தம். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது நம் இடது கைப்பக்கம்தான் இடது. வெளியே எதிரில் நின்று பார்த்தால் மாறிவிடும், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கோடு வந்ததும் பார்ட்ஸ் வாங்க ஓடக் கூடாது. சென்சார் கெட்டாலும் அதே கோடுதான், ஒயர் அறுந்தாலும் அதே கோடுதான், எலி கடித்தாலும் அதே கோடுதான். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கையில் போனைக் கொடுத்து, ஆள் நடமாட்டமில்லாத எங்கள் லேஅவுட் ரோட்டில் மெதுவாக ஓட்டினேன். ஆப்பில் நாலு சக்கரத்தின் வேகமும் தனித்தனியாகத் தெரியும்.

"அப்பா, மூணு பதினெட்டு. ஒண்ணு மட்டும் ஜீரோ."

"இப்போ?"

"மூணும் இருபத்தொண்ணு. அது ஜீரோவேதாம்ப்பா."

வளையத்தில் ஓரிடம் மட்டும் கெட்டிருந்தால் எண் வந்து வந்து போகும், தாறுமாறாகக் குதிக்கும். விடாமல் ஜீரோ என்றால் பெரும்பாலும் சென்சாரோ ஒயரோதான். பேரிங்கை விட்டுவிடலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது இந்த இடத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யவே கூடாது. எதிர்வீட்டு அண்ணன் டிராவல்ஸ் வண்டி வைத்திருக்கிறார், அவரிடம் இரும்பு ஸ்டாண்ட் கேட்டு வாங்கிக் கீழே கொடுத்தேன். கழற்றிய சக்கரத்தையும் வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்க வைத்தேன். எது நழுவினாலும் வண்டி சக்கரத்தின் மேல்தான் உட்காரும்.

சக்கரத்துக்கு மேலே இருக்கிற பிளாஸ்டிக் உறையில் மூன்று கிளிப்பை எடுத்து மடக்கினால் சென்சார் ஒயரின் கனெக்டர் தெரிந்தது. அதைப் பிரித்தேன். வண்டிப் பக்கத்து முனையில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு, மகளிடம் சாவியை ஆன் செய்யச் சொன்னேன். 11.8 வோல்ட் காட்டியது. அப்படியென்றால் பெட்டியிலிருந்து கனெக்டர் வரை வருகிற ஒயர் நன்றாக இருக்கிறது. சாவியைத் திருப்பிய உடனே பார்க்க வேண்டும், ஏனென்றால் கோளாறைக் கண்டுகொண்டதும் சப்ளையை நிறுத்திவிடும் பெட்டிகளும் உண்டு. சென்சாரை ஓம் மீட்டரில் வைத்துப் பார்த்து முடிவு கட்டுவது பழைய காயில் வகைக்குத்தான் சரி, அதில் பொதுவாக ஆயிரம் ஓம் சுற்று வட்டாரத்தில் காட்டும். என் வண்டியில் இருப்பது மின்சாரம் வாங்கி வேலை செய்கிற வகை. இவ்வகை பெரும்பாலும் 7 மில்லி ஆம்பியருக்கும் 14 மில்லி ஆம்பியருக்கும் மாறி மாறித்தான் சேதி சொல்லும், ஓமில் அதன் நல்லது கெட்டது தெரியாது.

ஆக, சென்சார்தான். மறுநாள் கார் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "சேஸிஸ் நம்பர் இருக்கா சார்?" ஆர்சி புத்தகத்தைக் காட்டினேன். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் கனெக்டர் மாறும், இடது வலதுக்கு ஒயர் நீளமும் கிளிப் இடமும் மாறும். பழைய சென்சார் ஒயரில் ஒட்டியிருந்த சீட்டை போட்டோ எடுத்து வைத்திருந்தேன், அந்த நம்பரோடு ஒத்துப்பார்த்தே வாங்கினேன். 1,700 ரூபாய். புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும், கதவு, கண்ணாடி போன்றவற்றுக்கு நானே போயிருக்கிறேன். ஆனால் தண்ணீரிலும் சூட்டிலும் எத்தனை வருடம் கிடந்தது என்று தெரியாத சென்சாரை அங்கே வாங்குவதில் பிரயோஜனம் இல்லை.

அடுத்த ஞாயிறுதான் உண்மையான வேலை. 2023 டிசம்பர் மழையில் முடிச்சூரில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றபோது, சக்கரம் பாதி முங்க இரண்டு நாள் நின்ற வண்டி இது. சென்சாரைப் பிடித்திருந்த பத்து எம்எம் போல்ட்டின் தலை துருவில் உருண்டையாகத் தெரிந்தது. முதல் நாள் ராத்திரியே துருவை இளக்கும் டபிள்யூடி-40 எண்ணெய் அடித்து ஊற விட்டிருந்தேன். டிஸ்க்கில் படாமல் இருக்க அதைத் துணியால் மூடிவிட்டுத்தான் அடித்தேன். டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடிக்காது. காலையில் வயர் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, ரிங் ஸ்பேனரைச் சரியாக உட்கார வைத்து, முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு துளி, அப்புறம் கழற்றுகிற பக்கம். டக்கென்று ஒரு சத்தம். போல்ட் உடைந்துவிட்டதோ என்று நெஞ்சு ஒரு கணம் நின்றது. உடையவில்லை, பிடி விட்டிருந்தது.

சென்சார் மட்டும் அசையவில்லை. துரு அதைச் சுற்றிக் கவ்வியிருந்தது. பிளையரால் பிடித்து மெதுவாக இடமும் வலமும் திருகினேன், போல்ட் மாட்டும் காது மட்டும் உடைந்து கையோடு வந்தது, உடம்பு உள்ளேயே மாட்டிக்கொண்டது. இங்கே நிறையப் பேர் செய்யும் காரியம், சுத்தியலால் தட்டி உள்ளே தள்ளிவிடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே விழுந்தால் அது அந்தக் காந்த வளையத்தைக் கீறும், அப்புறம் உண்மையிலேயே பேரிங் செலவு வந்துவிடும். நான் ஒரு மர ஸ்க்ரூவை எடுத்து, மாட்டிக்கொண்ட பிளாஸ்டிக்கின் நடுவில் ஸ்க்ரூ டிரைவரால் நிதானமாக ஏற்றினேன். முக்கால் அங்குலம் ஏறியதும் நிறுத்திவிட்டேன். இன்னொரு முறை டபிள்யூடி-40, பத்து நிமிடம், ஒரு காபி. ஸ்க்ரூத் தலையைப் பிளையரால் கவ்வி, திருகாமல், நேராக வெளிப்பக்கம் இழுத்தேன். நாலாவது இழுப்பில் ஈறிலிருந்து பல் வருவது போல வந்தது.

ஓட்டைக்குள் டார்ச் அடித்தால் சுவரெல்லாம் செதில் செதிலாகத் துரு. இதைச் சுத்தம் செய்யாமல் புதுசை மாட்டினால் சென்சார் முழுதாக உட்காராது, கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும். சென்சாருக்கும் வளையத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டர் சுற்று வட்டாரம்தான், துரு தூக்கினாலே சிக்னல் விட்டுப்போகும். இத்தனை நாள் என் சென்சாரையும் இந்தத் துருதான் நெருக்கி விரிசல் விட வைத்திருக்க வேண்டும். பென்சிலில் உப்புத்தாளைச் சுற்றி உள்ளே விட்டுச் சுழற்றினேன். சென்சாரின் காது உட்காரும் முகத்தையும் வெள்ளையாகும் வரை தேய்த்தேன். விழுந்த தூளை ஈரத்துணியில் ஒற்றி எடுத்தேன். காந்த வளையத்தில் இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டால் அதுவே புதுக் கோளாறு ஆகிவிடும். உப்புத்தாள் 20 ரூபாய்தான், ஆனால் இந்த வேலையில் பாதி அதில்தான் இருக்கிறது.

புது சென்சாரின் உடம்பில் மட்டும் லேசாக சிலிகான் கிரீஸ் தடவி, நுனியில் படாமல், விரலால் அழுத்தினேன். அடிக்காமல், தட்டாமல் போய் உட்கார்ந்தது. போல்ட்டைச் சின்ன ஸ்பேனரால் கைப்பிடிக்குத்தான் இறுக்கினேன், இது சக்கர நட்டு இல்லை. ஒயரைப் பழைய பாதையிலேயே, ஷாக் அப்சார்பரில் இருக்கும் ஒவ்வொரு ரப்பர் பிடியிலும் செருகிக்கொண்டு போனேன். பிறகு மகளை ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பச் சொல்லி, ஒயர் எங்கேயும் இழுபடவில்லை, டயர் வருகிற பாதையில் தொங்கவில்லை என்று பார்த்துக்கொண்டேன். சக்கரத்தை மாட்டி நட்டுகளை எதிரும் புதிருமாக இறுக்கி, வண்டியை இறக்கிய பிறகு ஒருமுறை முழுதாக இறுக்கினேன். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை.

ஸ்கேனர், ஆப், சென்சார், 220 ரூபாய் டபிள்யூடி-40, உப்புத்தாள் என்று எல்லாம் சேர்த்து 3,220. ஸ்கேனரும் ஆப்பும் இனி எப்போதும் கையில் இருக்கும்.

ஆப்பில் அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு அதே லேஅவுட் ரோட்டில் போனோம். மகள் போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"நாலும் பதினெட்டு. நாலும் இருபத்தொண்ணு அப்பா!"

விளக்கு அணைந்திருந்தது. ஆனாலும் மிதித்துப் பார்க்காமல் மனசு ஒப்பவில்லை. அவளை இறக்கிவிட்டு, லேஅவுட்டின் கடைசியில் மணல் படிந்த காலி ரோட்டுக்குப் போய், முன்னும் பின்னும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, முப்பதில் போய் ஒரே மிதி. பெடல் காலை உதைத்தது, அதே கடகடப்பு. இறங்கிப் போய் மணலில் டயர் தடத்தைப் பார்த்தேன். இழுத்துக்கொண்டே போன நீளக் கோடாக இல்லாமல், விட்டு விட்டுப் பதிந்திருந்தது.

இப்போது மழை ஆரம்பித்துவிட்டது. காலையில் சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு எரியும், சில நொடியில் அணையும். அது அணைகிற வரை பார்த்துவிட்டுத்தான் கியர் போடுகிறேன்.