மலை மந்திரிலிருந்து மெஹ்ரோலிக்கு

காந்தி என்றதும் பலருக்கு உப்பும் ராட்டையும் நினைவுக்கு வரும். எனக்கு ஒரு தேதிதான் நினைவுக்கு வருகிறது. 1948 ஜனவரி 27. அன்று காலை அவர் தில்லியின் தென்பக்கம் மெஹ்ரோலியில் இருக்கும், சூஃபி ஞானி குத்புதீன் பக்தியார் காக்கியின் தர்காவுக்குப் போனார். 78 வயது. ஐந்து நாள் உண்ணாவிரதம் முடிந்த உடம்பு இன்னும் தேறவில்லை. ஒரு வாரத்துக்கு முன்புதான் அவர் தங்கியிருந்த பிர்லா மாளிகையில் பிரார்த்தனை நேரத்தில் குண்டு வெடித்திருந்தது. அப்படியும் போனார். மூன்று நாள் கழித்து அவர் இல்லை.

தில்லிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த ஊரில் நான் மனசோடு கும்பிடும் இடங்கள் இரண்டு. ஒன்று ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர், முருகன் கோயில். அது இங்கே இருக்கிற எல்லாத் தமிழருக்கும் தெரிந்ததுதான். இன்னொன்று மெஹ்ரோலி. அங்கே ஏன் போகிறேன் என்று கோயிலில் பழகிய சிலர் கேட்டிருக்கிறார்கள். நின்ற இடத்தில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது நாகப்பட்டினம் பக்கம். குலதெய்வத்துக்கு அடுத்தபடி எங்கள் வீட்டில் சிக்கல் சிங்காரவேலன்தான். கந்த சஷ்டியில் அம்மாள் வேல்நெடுங்கண்ணியிடம் அவர் வேல் வாங்கும்போது திருமேனியில் வியர்வை பூக்கும். பூக்கப் பூக்க அர்ச்சகர் பட்டுத் துணியால் ஒற்றி எடுப்பார். சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். அதே அப்பா எனக்கு முதல் முடி இறக்கியது நாகூரில். நாகூர் தர்காவின் கந்தூரித் திருவிழாவுக்குச் சந்தனக்கூடு நாகப்பட்டினத்திலிருந்துதான் கிளம்பும். எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் வாசலில் நின்று கும்பிடுவோம். நாகூர் ஆண்டவர் என்றுதான் சொல்வோம். அந்தத் தர்காவின் பெரிய மனோராவை (கோபுரத்தை), 131 அடி உயரத்துக்கு, கட்டிக் கொடுத்தவர் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர். இதெல்லாம் எங்களுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்த விஷயமில்லை. ஊர் அப்படித்தான் இருந்தது.

கல்யாணமாகி வந்த வீடு கரோல் பாகில். அப்போது அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அஜ்மல்கான் ரோட்டில்தான் காய்கறி, துணிமணி எல்லாம். அந்த ஹக்கீம் அஜ்மல்கான் யார் என்று கேட்டபோது மாமனார் சொன்னார். யுனானி வைத்தியர், காங்கிரஸ் தலைவராக இருந்தவர். ஆயுர்வேதமும் யுனானியும் ஒரே கூரையில் கற்பிக்க வேண்டும் என்று கரோல் பாகிலேயே திப்பியா கல்லூரியைக் கொண்டுவந்தவர். 1921இல் அதைத் திறந்து வைத்தவர் காந்தி. மத்திய அரசு வேலைக்காக ஐம்பதுகளில் தில்லி வந்த மாமனார் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருப்பார். "இந்தத் தெருவில் பாதி வீடு 47க்கு முன்னால் முஸ்லிம் வீடும்மா. ராத்திரியோடு ராத்திரியாகப் போனவர்கள்."

போனவர்களில் பலர் புராணா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்திலும் முகாம்களில் கிடந்தார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளுக்கு, பாகிஸ்தானில் தங்கள் வீடுகளை விட்டுவிட்டு ஓடிவந்த பஞ்சாபிகள் வந்தார்கள்.

அப்படி வந்தவர்தான் எங்கள் கீழ் வீட்டுக்காரர். தெரு முழுக்க அவரை பீஜி என்றுதான் கூப்பிடும். லாயல்பூர் பக்கத்துக் கிராமம். அண்ணனை வழியிலேயே பறிகொடுத்தவர். எனக்கு இந்தி பேசக் கற்றுக் கொடுத்ததே அவர்தான். என் பெரியவள் பிறந்தபோது பத்தியமாகப் பஞ்சீரி கிண்டிக் கொடுத்தவர். காந்தி பேச்சு வந்தால் மட்டும் முகம் மாறிவிடும். "அந்தப் பெரியவர் அவங்களுக்காகச் சாப்பிடாமல் கிடந்தார். எங்களுக்காக யார் கிடந்தாங்க, பேட்டா?" என்பார். நான் பதில் சொன்னதில்லை. அண்ணனைப் பறிகொடுத்தவரிடம், ஒன்றையும் இழக்காத நான் என்ன சொல்வது?

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் அந்த உண்ணாவிரதத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1948 ஜனவரி 13 அன்று தொடங்கியது. பிரிவினைக் கணக்கில் பாகிஸ்தானுக்குக் கொடுக்க வேண்டிய 55 கோடி ரூபாய்க்காகத்தான் அவர் சாப்பிடாமல் கிடந்தார் என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். அரசு அந்தப் பணத்தைக் கொடுக்க முடிவெடுத்தது அந்த நாட்களில்தான். அதற்கப்புறமும் அவர் உண்ணாவிரதத்தை முடிக்கவில்லையே! ராஜேந்திர பிரசாத் தலைமையில் எல்லா மதத்துப் பிரதிநிதிகளும் கையெழுத்துப் போட்டு ஒரு உறுதிமொழி கொடுத்த பிறகுதான் 18ஆம் தேதி மௌலானா ஆசாத் கையால் பழச்சாறு குடித்தார். அந்த உறுதிமொழியில் பணத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. இருப்பவை இவை: மெஹ்ரோலி தர்காவில் உர்ஸ் என்னும் வருஷத் திருவிழா வழக்கம்போல் நடக்கும். சப்ஜி மண்டி, கரோல் பாக், பஹார்கஞ்ச் பகுதிகளில் முஸ்லிம்கள் முன்போல நடமாடலாம். பிடித்து வைத்திருக்கும் மசூதிகளைத் திருப்பிக் கொடுப்போம். திரும்பி வர நினைக்கும் முஸ்லிம்களைத் தடுக்க மாட்டோம். இதையெல்லாம் போலீஸ், ராணுவ உதவியோடு இல்லாமல் நாங்களே செய்வோம்.

கரோல் பாக் என்ற பெயரை அதில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் தக்காளி பேரம் பேசிய தெருவில் ஒரு மனிதர் பயமில்லாமல் நடக்க வேண்டும் என்பதற்காக ஒருவர் உயிரைப் பணயம் வைத்திருக்கிறார்.

போலீஸ் இல்லாமல் என்ற அந்த வரியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். துப்பாக்கியோடு நாலு பேரை நிறுத்தினால் உர்ஸ் நடந்துவிடும். அவர் கேட்டது அது இல்லை. அடித்தவனும், அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவனும் வந்து, நான் இருக்கிறேன், பயப்படாதே என்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய செப்டம்பரில் கல்கத்தாவில் மதக் கலவரத்தை நிறுத்த அவர் உண்ணாவிரதம் தொடங்கியபோது அங்கே கவர்னராக இருந்தவர் நம் ராஜாஜி. ரவுடிகளை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்து என்ன ஆகப்போகிறது என்று வாதாடிப் பார்த்தார். ரவுடிகளுக்குப் பின்னால் இருப்பவர்களின் மனசைத் தொடத்தான் இது என்றார் காந்தி. அந்த மனசு நம்மைப் போன்றவர்களின் மனசுதான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும் நல்ல குடும்பத்து மனசு.

மலை மந்திருக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பெரிய எழுத்தில் 'யாமிருக்க பயமேன்' என்று தமிழில் எழுதியிருக்கும். 1965இல் அடிக்கல் நாட்டி, 1973இல் சுவாமிநாதனுக்குக் குடமுழுக்கு நடந்த கருங்கல் கோயில். தில்லிப் பனியில் காலை வேளையில் படி ஏறினால் எங்கேயாவது ஒரு மயில் நிற்கும். புதிதாக வந்த நாட்களில், மொழி தெரியாமல், குளிர் தாங்காமல், அந்த எழுத்தைப் பார்த்து எத்தனை முறை அழுதிருப்பேன்! முருகன் எனக்காகவே எழுதி வைத்த மாதிரி இருக்கும். இன்றைக்கும் அந்த நம்பிக்கையில்தான் என் நாள் ஓடுகிறது. ஆனால் அந்த உறுதிமொழியைப் படித்த பிறகு எனக்கு வேறொன்றும் தோன்றியது. எனக்கு அந்த வார்த்தையைச் சொன்ன சாமி, அடுத்த வீட்டுக்காரிக்கு அதை என் வாயால் சொல்லச் சொல்கிறார். வாங்கி வைத்துக்கொள்வது மட்டும் பக்தி இல்லை. இதை நான் முழுசாக நம்புகிறேன். காந்தியை நான் அரசியல்வாதியாகப் பார்க்காமல் பக்தராகப் பார்ப்பது இதனால்தான்.

அவருடைய பிரார்த்தனைக் கூட்டங்களையும் சொல்ல வேண்டும். கரோல் பாகிலிருந்து கொஞ்ச தூரத்தில் மந்திர் மார்க்கில் வால்மீகி கோயில் இருக்கிறது. துப்புரவுத் தொழிலாளர்கள் குடியிருப்புக்கு நடுவில் இருக்கும் கோயில். 1946-47இல் மாதக்கணக்கில் அங்கே ஒரு அறையில் தங்கியிருந்தார். 1947 ஏப்ரலில் பிரார்த்தனையில் குர்ஆன் ஓதக்கூடாது என்று சிலர் எழுந்து தடுத்தார்கள். கூட்டம் மொத்தமும் அவர் பக்கம்தான். ஆனாலும் எதிர்த்தவர்களை வெளியே தள்ள விடவில்லை, பிரார்த்தனையையே நிறுத்திவிட்டார். குர்ஆனை விட்டுவிட்டு மற்றதை மட்டும் ஓதவும் சம்மதிக்கவில்லை. ஒன்று எல்லாம், இல்லையென்றால் எதுவுமில்லை. இந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

மெஹ்ரோலிக்கு வருகிறேன். காக்கி அஜ்மீர் மொய்னுதீன் சிஷ்தியின் சீடர். 1235இல் காலமானவர். தர்காவிலிருந்து கொஞ்சம் நடந்தால் ஜோக்மாயா கோயில். கண்ணனின் தங்கை யோகமாயைக்கு. அம்மனுக்கு நம் ஊர் மாதிரி திருமேனி கிடையாது. ஒரு கல் வடிவம், அதைப் பூவாலும் துணியாலும் மூடியிருப்பார்கள். மழைக்காலம் முடிந்ததும் பூல்வாலோன் கி சைர் என்று பூக்காரர்கள் எடுக்கும் திருவிழா ஒன்று உண்டு. முகலாய அரசர் இரண்டாம் அக்பர் ஷாவின் மகனை வெள்ளைக்காரர்கள் அலகாபாத்துக்கு நாடு கடத்திவிட்டார்கள். பிள்ளை திரும்பி வந்தால் காக்கி தர்காவுக்குப் பூப்போர்வை சாத்துகிறேன் என்று தாய் வேண்டிக்கொண்டாள். பிள்ளை வந்தான். தர்காவுக்குப் பூப்போர்வை, ஜோக்மாயாவுக்குப் பூ விசிறி என்று ஊரே கொண்டாடியது. 1942இல் ஆங்கிலேயர் நிறுத்தினார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் நேரு மறுபடி தொடங்கி வைத்தார்.

அந்தப் பூ விசிறியை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆளுயரத்துக்கு மேல். மூங்கில் சட்டத்தில் மினுமினுக்கிற தாள் ஒட்டி, விளிம்பு முழுக்கக் கேந்திப் பூச்சரம் சுற்றி, நடுவில் ரோஜா. தூக்கிக்கொண்டு வருபவர் தோளை மாற்றும்போதெல்லாம் கேந்தி இதழ் உதிரும். கீழே குனிந்து அதைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற கிழவிகளைப் பார்த்தேன். முக்காட்டை வைத்து யார் எந்த மதம் என்று சொல்ல முடியவில்லை. சந்தனக்கூடு அன்று எங்கள் தெருவும் இப்படித்தான் இருக்கும்.

1948இல் காந்தி போனபோது அங்கே பளிங்குச் சாளரங்கள் உடைக்கப்பட்டுக் கிடந்தன. அதைப் பார்த்து மனம் நொந்து அன்று மாலைப் பிரார்த்தனையில் பேசினார். ஆனால் உர்ஸ் நடந்தது. இந்துக்களும் சீக்கியர்களும் வந்திருந்தார்கள்.

ஒரு குறையும் எனக்கு உண்டு. சமாதிக்குப் பக்கத்தில் பெண்களை விடுவதில்லை. சாளரத்துக்கு வெளியே நின்றுதான் வேண்டிக்கொள்ள வேண்டும். எனக்கு இதில் சம்மதமே இல்லை. எந்தக் கோயில் பெண்ணை வெளியே நிறுத்தினாலும் எனக்கு எப்படி வலிக்குமோ அப்படித்தான் இங்கேயும் வலிக்கிறது. அதற்காகப் போகாமல் இருக்க மாட்டேன்.

பீஜியைப் பற்றி இன்னும் ஒன்று. வியாழக்கிழமை தவறாமல் சாயங்காலம் ஒரு அகல் விளக்கில் கடுகெண்ணெய் ஊற்றி, கையால் திரித்த திரி போட்டு, முந்தானையால் காற்றை மறைத்தபடி எடுத்துக்கொண்டு போவார். பின்தெரு வேப்பமரத்தடியில் பச்சைத் துணி போர்த்திய ஒரு பழைய மஜார், முஸ்லிம் பெரியவர் ஒருவரின் சமாதி. அதன் தலைமாட்டில் வைத்துவிட்டு வருவார். ஒரு தடவை நானும் கூடப் போனேன். இது யாருடைய சமாதி என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்? எங்க கிராமத்துல ஒரு பீர் பாபா இருந்தார். அவருக்கு வைக்க முடியலை, இவருக்கு வைக்கிறேன்" என்றார். காந்தியை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. விளக்கையும் நிறுத்தவில்லை. இரண்டும் ஒரே மனுஷிக்குள் எப்படி இருந்தன என்று எனக்கு விளக்கத் தெரியாது. ஆனால் இந்த நாட்டின் பாரம்பரியம் என்று யாராவது பேசினால், பெரிய கோபுரங்களுக்கு முன்னால் எனக்கு அந்தக் கடுகெண்ணெய் வாசனைதான் வருகிறது. அவர் போன பிறகு சில வருஷம் அந்த விளக்கை என் மாமியார் வைத்தார். அப்புறம் நாங்கள் வீடு மாறிவிட்டோம்.

இந்த ஜனவரியில் மெஹ்ரோலிக்குக் கூட வருகிறேன் என்று மலை மந்திரில் இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். வேறு யாராவது வர நினைத்தால் வாருங்கள். குதுப் மினார் மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். முதலில் ஜோக்மாயா, அப்புறம் தர்கா. தலையை மூட ஒரு துப்பட்டா வேண்டும். செருப்பைக் கடையில் விட்டுவிட்டு உள்ளே நடக்க வேண்டும், ஜனவரியில் தரை ஜில்லென்று இருக்கும், கால் உறை போட்டுக்கொள்வது நல்லது. பக்கத்திலேயே ஜஃபர் மஹல் இருக்கிறது. கடைசி முகலாயர் பகதூர் ஷா தன் சமாதிக்கென்று ஒதுக்கி வைத்த இடம் அங்கே காலியாகவே கிடக்கிறது. அவரை 1862இல் ரங்கூனில் அடக்கம் செய்துவிட்டார்கள். நேரமிருந்தால் அதையும் பார்க்கலாம். சந்துகள் குறுகலானவை, வயசானவர்களைத் தனியாக விட வேண்டாம். பூ நான் வாங்கி வைக்கிறேன்.