மாருதி 800-இன் உள்பேனல்களுக்குப் பெயிண்ட் உரித்துப் புதிதாக அடித்த அனுபவம்

எங்கள் மாருதி 800, 1986-இல் வடிவம் மாறி வந்த மாடல். முன்பு வைத்திருந்தவர் உள்ளே இருந்த பிளாஸ்டிக் பேனல்களுக்கெல்லாம் கறுப்பு எனாமல் அடித்திருந்தார். வேலூர் வெயிலில் அது வெடித்து, கை பட்ட இடமெல்லாம் செதிலாக உதிர்ந்தது. அடியில் இருந்த சாம்பல் நிறத்தையும் தோல் போன்ற வரிகளையும் பார்த்தபோது, எப்படியாவது இதை மீட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

கழற்றுவதற்கு முன் காரைக் காலை வெயிலில் சற்று நேரம் நிறுத்தினேன். சூடேறினால் பழைய பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும். இல்லாவிட்டால் கிளிப் மாட்டும் காது உடைந்து கையோடு வரும்.

அடுத்து, எது என்ன பிளாஸ்டிக் என்று பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் எதையும் தடவக் கூடாது. சில பேனல்களின் முதுகில் எழுத்து பொறித்திருக்கும். இல்லாதவற்றில் மறைவான ஓரத்தைத் துளி சீவித் தண்ணீரில் போட்டேன். பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வகை பெரும்பாலும் மிதக்கும், ஏபிஎஸ் என்ற வகை மூழ்கும். பெயிண்டை எடுக்கத் தின்னர் போதும் என்று பலர் சொல்வார்கள். ஏபிஎஸ் மேல் தின்னரோ அசிட்டோனோ பட்டால் மேற்பரப்பே இளகி வரிகள் அழிந்துவிடும். அதனால் ஏபிஎஸ் துண்டுகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பொறுமையுமாகத்தான் தேய்த்தேன். பாலிபுரோப்பிலீன் பேனல்களுக்குப் பிரேக் ஆயில் தடவி, பாலித்தீன் சுற்றி இரவு முழுக்க வைத்தேன். காலையில் எனாமல் தோலாகச் சுருண்டு வந்தது. கையுறை அவசியம். காரின் வெளிப்பெயிண்டில் அந்த ஆயில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது, அதையும் உரித்துவிடும்.

வரிகளுக்குள் ஒட்டியிருந்ததை எடுப்பதுதான் பெரிய வேலை. எமரி பேப்பர் போட்டால் வரியே போய்விடும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் பழைய டூத்பிரஷும் சோப்புத் தண்ணீரும் வைத்து, வரி ஓடும் திசையிலேயே தேய்த்தேன். பழைய டேஷ்போர்டு பாலிஷின் சிலிக்கான் மிச்சம் இருந்தால் புதுப் பெயிண்ட் வட்ட வட்டமாக விலகி நிற்கும். அதற்காகவே சோப்புப் போட்டு இன்னொரு தடவை அலசினேன்.

பெயிண்ட் அடித்தது சத்துவாச்சாரியில் பட்டறை வைத்திருக்கும் பாய். நான் பளபளப்பாகக் கேட்டதும் தடுத்தார். "வேணாம் தம்பி, வெயில்ல முன் கண்ணாடியில பிரதிபலிக்கும், ரோடே தெரியாது. பளபளப்பு இல்லாத மேட்டே அடிச்சிக்கலாம்." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

பாலிபுரோப்பிலீனில் பெயிண்ட் சும்மா ஒட்டாது. முதலில் பிளாஸ்டிக்குக்கான பிரைமர் மெல்லிசாக ஒரு கோட், அப்புறம் பெயிண்டை இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்த மேட் சாம்பல். கனமாக அடித்தால் வரி நிரம்பிவிடும் என்பதால் மெல்லிய கோட்டாகவே போனோம். உச்சி வெயிலில் துளிகள் பேனலில் விழுவதற்குள் காய்ந்து சொரசொரப்பாகும் என்று பாய் விடியற்காலையிலேயே தரையை நனைத்துவிட்டு ஆரம்பித்தார். ஹார்ட்னர் கலந்ததற்குத் துணி முகமூடி போதாது, வடிகட்டி வைத்த முகமூடிதான் வேண்டும்.

நன்றாக இறுகும்வரை பேனல்களை மாட்டவில்லை. பிறகு மூலையில் செல்லோ டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தேன். டேப் வெறுமையாக வந்தது. அன்றைக்கே புதுக் கிளிப்புகள் வாங்கி எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன்.