கான்டனும் மாசிலனும்

கிளீவ்லாந்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, மாப்பிள்ளை ஒரு சனிக்கிழமை கான்டனுக்குக் கூட்டிப்போனார். தெற்கே ஒரு மணி நேரக் கார்ப் பயணம். அமெரிக்கக் கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேம், அதாவது சாதனையாளர்களைக் கௌரவிக்கும் அருங்காட்சியகம், அங்கேதான், பந்து வடிவக் கூரையோடு 1963 முதல் இருக்கிறது. காலுக்கு வேலை குறைவு, ஆளைக் கட்டிப்பிடித்துச் சாய்ப்பதே அதிகம். இதற்கு ஏன் கால்பந்து என்று பெயரோ!

உள்ளே என்னைப் பிடித்து நிறுத்தியது இந்த ஊர்கள் இருக்கும் ஓஹையோ மாநிலத்தின் பழைய ஓஹையோ லீக்கின் கதை. லீக் என்று சொன்னாலும் அதற்கு ஆபீஸ் கிடையாது, அட்டவணை கிடையாது. சாம்பியன் யார் என்பதில் ஊர்ப் பத்திரிகைகள்தான் மல்லுக்கட்டும். 1903-இல் பக்கத்து ஊரான மாசிலன், டைகர்ஸ் என்ற அணியைத் தொடங்கியது. உள்ளூர்ப் பையன்கள்தான். ஆனால் இன்னொரு ஊரான ஏக்ரனோடு மோதும் நாள் வந்ததும் பிட்ஸ்பர்க்கிலிருந்து காசு கொடுத்து ஆள் இறக்கினார்கள். ஜெயித்தார்கள். கான்டன் சும்மா இருக்குமா? அதுவும் பணத்தை இறைத்தது. 1906-இல் இரண்டு ஆட்டங்கள்: முதலில் கான்டன் 10-5, அடுத்து மாசிலன் 13-6. உடனே சூதாட்டப் புகார் கிளம்பியது. நிரூபணம் ஆகவில்லை, ஆனால் இரண்டு ஊரிலும் ஆட்டம் படுத்துவிட்டது.

வாசலில் விளையாட்டு வீரர் ஜிம் தார்ப்பின் வெண்கலச் சிலை. 1912 ஒலிம்பிக்கில் வாங்கிய இரண்டு தங்கத்தையும், பேஸ்பால் ஆடி சில்லறைக் காசு வாங்கியவர் அமெச்சூர் இல்லை என்று பிடுங்கிக்கொண்டார்கள். அதே மனிதருக்கு 1915-இல் கான்டன் கால்பந்து அணி ஓர் ஆட்டத்துக்கு 250 டாலர் கொடுத்தது. எனக்கு அந்தச் சிலையைப் பார்க்கக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

சம்பளம் எகிறியது, ஆட்டக்காரர்கள் வாரம் ஒரு அணி தாவினார்கள், கல்லூரி மாணவர்கள் பொய்ப்பெயரில் ஆடினார்கள். இதை ஒழுங்குபடுத்த ஒரு முறையான லீக் அமைக்க, 1920 செப்டம்பர் 17 அன்று கான்டன் அணியின் உரிமையாளர் ரால்ஃப் ஹேயின் கார் ஷோரூமில் அணிக்காரர்கள் கூடினார்கள். நாற்காலி போதாமல் கார்களின் கால்படியில் உட்கார்ந்தார்களாம். உறுப்பினர் கட்டணம் 100 டாலர் என்று முடிவு. ஓர் அணியின் சார்பில் அங்கே இருந்த ஜார்ஜ் ஹாலஸ் பிற்பாடு, ஒருத்தரும் கட்டவில்லை என்றார். அன்று பிறந்த லீக்தான் இரண்டு வருடத்தில் என்எஃப்எல், அதாவது அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக், ஆனது.

திரும்பும் வழியில் மாசிலனையும் எட்டிப்பார்த்தோம். டைகர்ஸ் பெயர் இன்று உயர்நிலைப் பள்ளி அணிக்கு. பள்ளிக்கூட ஸ்டேடியத்தில் 16,000 பேருக்கு மேல் உட்காரலாம்! முன்பெல்லாம் அந்த ஊரில் ஆண் குழந்தை பிறந்தால் ஆஸ்பத்திரியிலேயே தொட்டிலில் ஒரு குட்டிப் பந்தை வைத்துவிடுவார்கள் என்றார் மாப்பிள்ளை.