தோல்வி யார் கணக்கில்?

இன்று பழைய பேஸ்பால் புள்ளிவிவரங்களைப் புரட்டும்போது ஒரு வரியில் கண் நிலைகுத்திவிட்டது.

பந்து வீச்சாளர் நோலன் ரயன், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி, 1987. வெற்றி 8, தோல்வி 16.

அதே வரியில் சற்றுத் தள்ளி, 270 ஸ்ட்ரைக்அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது. ஒன்பது இன்னிங்ஸுக்கு எதிரணி எடுத்து அவர் கணக்கில் சேர்ந்த ஓட்டங்கள் சராசரியாக 2.76; இது குறையக் குறைய நல்லது. இரண்டிலும் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகில் அவரே முதலிடம். அதுவும் நாற்பது வயதில்!

அணி 76 ஆட்டங்களில் வென்று 86-இல் தோற்றது. மட்டை பிடித்தவர்கள் போதிய ஓட்டம் சேர்க்காவிட்டாலும் தோல்வி பந்து வீசியவர் பெயரில்தான் ஏறும். எத்தனையோ உழைப்பாளிகளின் கணக்கு இப்படித்தான் எழுதப்படுகிறது.

சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் அவருக்கு ஐந்தாம் இடம்தான் கிடைத்தது. எனக்கு மனம் ஆறவே இல்லை.

1989-இல், 42 வயதில், டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்காக 301 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார்.